முன் அனுபவம் உண்டா?

காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் வண்டி ஓட்ட லைசென்ஸ் மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும். தெரு நீளத்துக்குப் பட்டு நூல் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டிய வேலை அது. ஹாரன் அடித்தால், "பட்டு இருக்கு, சுத்திப் போயிடுங்க தம்பி" என்பார்கள். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க எங்கள் பிள்ளைகள் பறப்பதும் அந்த நேரத்தில்தான்.

பஸ்ஸைப் பிடித்துவிடலாம், வேலையைப் பிடிப்பதுதான் பாடு. இன்டர்வியூவில் முதல் கேள்வியே "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்பதுதான். வீட்டுத் தறியில் ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தாலும் கண்டுபிடித்து முடிச்சுப் போடுகிற பையன், "இல்ல சார்" என்கிறான். அவனுக்கு ஃப்ரெஷர் சம்பளம்.

அவன் வீட்டில் செய்தது சில்லறை வேலையல்ல. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம். அதற்குக் குறுக்கிழை இழுக்கும் நாடா மூன்று ஓட வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. நெய்பவருக்குத் துணையாக மனைவியோ மகனோ உட்கார்ந்தால்தான் கரை சேரும். ஆகவே மகனுக்கு வேலை கிடைத்த அன்றே அப்பாவின் தறியில் ஓர் ஆள் குறைகிறது. கூலிக்கு ஆள் வைத்தால் கையில் நிற்பது குறையும். கோர்வையை விட்டால் கைத்தொழிலின் மதிப்பே குறையும்.

சரி, கம்பெனியாவது நிலைக்குமா? ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மறுபடியும் பயோடேட்டாவோடு வரிசையில் நின்றார்கள். இம்முறை அனுபவம் இருந்தது. அதைக் கேட்க கம்பெனி இல்லை.

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பல வருடங்களாகின்றன. சேலைக்குச் சான்றிதழ் உண்டு, நெய்தவருக்கு அடையாள அட்டை உண்டு. துணைக்கு உட்கார்ந்தவரின் அனுபவத்தைச் சொல்லத்தான் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. உறுப்பினர் எத்தனை சேலை கொடுத்தார், கூலி எவ்வளவு என்று நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் கணக்கு வைக்கின்றன. அந்தக் கணக்கில் இரண்டாவது ஆளின் பெயரையும் எழுதி, கேட்டால் அனுபவச் சான்று தரலாம். செலவு ஒரு ரப்பர் ஸ்டாம்ப். அடுத்த முறை "எக்ஸ்பீரியன்ஸ்?" என்று கேட்கிற அதிகாரி கொஞ்சம் நிமிர்ந்து உட்காரட்டும், அவர் கல்யாணப் பட்டுக்கும் இந்தப் பையன் நாடா தள்ளியிருக்கக்கூடும்.