‘வேலையாள் கழிப்பறை’ என்ற வரியை அடியுங்கள்

வீட்டு இன்டீரியர் கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு எதற்குச் சாதி பேச வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். டைல்ஸில் எங்கே சாதி, பிளைவுட்டில் எங்கே சாதி என்று சிரிக்கிறார்கள். அந்தத் தாளை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஈசானிய மூலையில் பூஜை அறை: தேக்குக் கதவு, வரிசையாக மணிகள். அக்னி மூலையில் மாடுலர் கிச்சன்: மேலே குவார்ட்ஸ் கல். ஹாலில் பால்ஸ் சீலிங். கடைசிப் பக்கத்தில் ‘வேலையாள் கழிப்பறை’: தனி வீடென்றால் மாடிப்படிக்கு அடியில், அபார்ட்மென்ட் என்றால் கீழே பார்க்கிங்கில், வாட்ச்மேன் அறையை ஒட்டி. மொத்தத் தொகை, அட்வான்ஸ், கையெழுத்துக்கான கோடு. கையெழுத்துப் போடுகிறவரின் செல்போன் திரையில் அம்பேத்கர் படம் இருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்தக் கையெழுத்துக்காரருக்குத்தான். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இன்று வீடு வாங்குகிறவர்களில் நம் தலைமுறை நிறைய. அப்பா மில்லில் ஷிப்ட் பார்த்திருப்பார்; அல்லது சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஓட்டியிருப்பார்; அல்லது பள்ளி ஆசிரியர். பிள்ளை சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்து, 20 ஆண்டு வங்கிக் கடனில் ஊரில் வீடு வாங்குகிறார். கடன் அவர் பெயரில். ஆனால் வீட்டுக்குள் எது எங்கே வரவேண்டும் என்பதை முடிவு செய்வது ஜோசியரும் கான்ட்ராக்டரும். கேட்டால், “அப்பா அம்மா திருப்திக்காகத்தான் தோழர்” என்கிறார். பெற்றோர் மீது பழியைப் போட்டுவிட்டுச் சாதியைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுகிறோம். பூசியபிறகு அது கண்ணுக்குத் தெரியாது. நமக்குப் பிறகு பிள்ளைகளுக்கும் அதே வீடு.

வீட்டில் என்ன பொருள் இருக்கலாம் என்பது இந்த மண்ணில் ஒருபோதும் வெறும் ரசனை விஷயமாக இருந்ததில்லை. இந்த இரண்டு ஊர்களும் அன்று பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்க, வெள்ளி நகை கூடாது, ஆண்கள் சட்டை போடக்கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்று நீளும் அந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு: வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. ஜே.எச்.ஹட்டன் தன் ‘இந்தியாவில் சாதி’ நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அடுப்படியில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தால் அது கலகம். ஒரு தலித் குடும்பம் இன்று மாடுலர் கிச்சன் வைக்கிறதென்றால் அது ஆடம்பரமல்ல. அந்த எட்டுத் தடைகளுக்குத் தந்த பதில். அந்தப் பதிலை மதிக்கிறேன். அதே சமையலறையில் வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்தால், தடையை நாமே எடுத்து நடத்துகிறோம் என்று பொருள்.

வாஸ்துவைப் பற்றிப் பேசினால் “அது காற்று, வெளிச்சம் பற்றிய அறிவியல்” என்று பதில் வரும். மயமதத்தையும் வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையையும் பிரித்துப் பாருங்கள். வெள்ளை மண் பார்ப்பனருக்கு, சிவப்பு மண் சத்திரியருக்கு, மஞ்சள் மண் வைசியருக்கு, கறுப்பு மண் சூத்திரருக்கு. வீட்டின் அகலத்தையும் வராகமிகிரர் விட்டுவைக்கவில்லை. பார்ப்பனருக்கு 32 முழம் என்று தொடங்கி, வருணம் ஒவ்வொன்றாக இறங்க இறங்க நான்கு நான்கு முழமாகக் குறைத்துக்கொண்டே போகிறார். காற்றும் வெளிச்சமும் வருணம் பார்த்தா வீசும்? இதில் ஒரு வேடிக்கை. விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல். வாஸ்து நூல்படி பார்த்தால் இந்த மாவட்டமே சூத்திர மண். பருத்தி விளைந்ததும் மில்கள் எழுந்ததும் அந்த மண்ணை நம்பித்தான். அதில் வீடு கட்டும் நாம், நம்மை இழிவுபடுத்திய நூலுக்குக் காசு கொடுத்துக் கதவை இடம் மாற்றி வைக்கிறோம்.

பூஜை அறைக்கு வருவோம். 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அர்த்த மண்டப வாசலில் இளையராஜா நிறுத்தப்பட்டார் என்று செய்தி வந்தது. ஜீயர்களும் அர்ச்சகர்களும் தவிர வேறு யாரும் அதற்குள் போக மரபில்லை என்று அறநிலையத் துறை விளக்கம் சொன்னது. வந்தது வதந்தி என்று இளையராஜாவே மறுத்தார். நம்மில் பலர் அன்று கொதித்தோம். அவர் மறுத்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது: பிறப்பைப் பார்த்துத் திறக்கும் வாசல் எதற்கு? அதே கேள்வியை நம் வீட்டிலும் கேட்கவேண்டும். வீடு முழுக்கத் துடைக்கும் பெண், பூஜை அறை வாசலில் துடைப்பத்தை நிறுத்திக்கொள்கிறார். யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அந்த வாசல் தானே பேசுகிறது. தேக்கில் செதுக்கி, மணி கட்டி, லட்சக்கணக்கில் செலவழித்து அப்படி ஒரு வாசலை நடு வீட்டில் வைத்துவிட்டுக் கோயில் மரபை மட்டும் எப்படிக் கேள்வி கேட்பது?

இனி, வீட்டை முடித்துத் தருகிறவர்களைப் பார்ப்போம். கொட்டேஷனில் பொருளுக்குப் பிராண்ட் பெயர் இருக்கும். மனிதருக்கு ‘லேபர்’ என்று ஒரே சொல், சதுர அடிக்கு இவ்வளவு. கான்ட்ராக்டரை எப்படித் தேடுகிறோம்? “நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு, நம்பி விடலாம்.” அந்த ‘நம்ம’ எது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவருக்குக் கீழே மேஸ்திரி, அவருக்குக் கீழே கொத்தனார், ஆசாரி, பெயிண்டர், எல்லோருக்கும் கீழே கையாளும் சித்தாளும். கீழே போகப்போகக் கூலி குறையும், சாதியும் இறங்கும். சித்தாளாக வேலைக்கு வந்த பெண் 20 ஆண்டு கலவை சுமந்தாலும் அவர் கையில் யாரும் கரண்டியைக் கொடுப்பதில்லை. ஆண் கையாள் சில ஆண்டுகளில் கொத்தனாராகிவிடுகிறார். சாதியும் ஆணாதிக்கமும் சேர்ந்து போட்ட சாரம் இது.

உள்வேலை நடக்கும் இரண்டு மூன்று மாதமும் வீட்டில் இரண்டு கழிப்பறை இருக்கும். புது பீங்கான், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். வேலை செய்கிறவர்கள் எங்கே போகிறார்கள்? ஆண்கள் காலி மனையைத் தேடி. பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு. டீ வாங்கி வருகிறவர் காகிதக் கப்பில் வாங்கி வருகிறார். இரட்டைக் குவளையைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசினோம். காகிதக் கப் வந்ததும் அந்தப் பேச்சு நின்றுபோனது. வீட்டுக்காரர் எவர்சில்வர் டம்ளரிலும் வேலைக்காரர் காகிதக் கப்பிலும் குடித்தால் அது சுகாதாரம் என்று பெயர் மாறிவிடுமா? மறுபக்கமும் உண்டு. தலித் ஒருவர் வீடு வாங்கி வேலை கொடுத்தால், அந்த வீட்டில் கூலி வாங்குவார், ஒரு வாய் தண்ணீர் வாங்க மாட்டார் என்கிற மேஸ்திரியும் இருக்கிறார். “வீட்ல சாப்ட்டு வந்துட்டேன் சார்” என்ற வாக்கியத்தின் பொருள் நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது அந்தச் சமையலறைக் கல். செயற்கைக் குவார்ட்ஸ் பலகையை வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் என்ற நோயைத் தரும். அதற்கு மருந்து கிடையாது. கல் வெட்டிய தொழிலாளர்கள் இளவயதிலேயே அந்த நோயில் விழுவதைக் கண்ட ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. இங்கே அதை வெட்டுகிறவரின் மூக்கில் ஒரு துண்டு. அதுவும் அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

சட்டம் இவர்களை எங்கே வைத்திருக்கிறது? 1996-இல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டம் பழுதுபார்ப்பையும் மாற்றியமைப்பையும் கட்டுமான வேலையாகவே கணக்கில் எடுத்தது. ஆனால் ஒருவர் தன் சொந்தக் குடியிருப்புக்காக 10 லட்சம் ரூபாய் வரை செய்யும் வேலைக்கு விலக்குக் கொடுத்தது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 50 லட்சமாக உயர்த்திவிட்டது. நம் ஊர்களில் நடக்கும் இன்டீரியர் வேலைகள் ஏறக்குறைய எல்லாமே அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். தொழிலாளர் நலனுக்கான செஸ் அந்த வேலைகளிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. நடுத்தர வர்க்கத்துக்கு நிம்மதி. சாரத்திலிருந்து விழுந்தவருக்கு ஒன்றுமில்லை. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994-இலிருந்து இருக்கிறது. நம் வீட்டில் வேலை செய்கிறவரிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

செப்டிக் டேங்க் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2013 சட்டப்படி, செப்டிக் டேங்குக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றம்; முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பாதாளச் சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. ஆனாலும் பழைய வீட்டை வாங்கிப் புதுப்பிக்கும்போது கான்ட்ராக்டர் சொல்வார்: “அதை நான் பாத்துக்கிறேன் அண்ணாச்சி, அதுக்குன்னு ஆள் இருக்கு.” ‘அதுக்குன்னு ஆள்’ யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று கேட்காமல் தலையாட்டுகிறோமே, அந்தத் தலையாட்டல்தான் சாதி.

எல்லாம் முடிந்ததும் கிரகப் பிரவேசம். தென்மாவட்டங்களில் முந்தின இரவு தச்சுக் கழிப்பார்கள். விடியற்காலையில் ஹோமம், வாஸ்து சாந்தி, புண்ணியாகவாசனம். பசுவும் கன்றும் ஹால் வரை நடக்கின்றன. எதைக் கழிக்கிறார்கள், எதைச் சுத்தப்படுத்துகிறார்கள்? அந்தச் சுவரை நேற்றுவரை தொட்டவர்கள் கொத்தனாரும் சித்தாளும்தான். அவர்கள் கை பட்ட இடத்தை மந்திரத்தால் கழுவிவிட்டு மாட்டை உள்ளே விடுகிறோம். கொத்தனாருக்கு ஒரு வேட்டி, துண்டு. சித்தாளுக்கு அழைப்பே இல்லை. அவர் தேய்த்துக் கொடுத்த தரையில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

“என் பணம், என் வீடு, என் விருப்பம்” என்பார்கள். சரி. ஆனால் அந்த விருப்பத்தைச் சுமப்பது இன்னொருவர் முதுகு. “அவங்களே உள்ளே வரக் கூச்சப்படுறாங்க” என்பார்கள். அந்தக் கூச்சத்தைத் தலைமுறை தலைமுறையாக அடித்துப் பழக்கியது யார்? “ஒரு வீட்டை மாற்றினால் சாதி ஒழியுமா?” என்பார்கள். ஒழியாது. ஆனால் வீட்டின் அமைப்பைச் சாதிக்கு எதிராகத் திட்டமிட முடியும் என்பதற்கு நம் வழியிலேயே சாட்சி இருக்கிறது. நாம் மதுரைக்குப் போகும் பாதையில் திருமங்கலம் வருகிறது. அதன் அருகே மேலக்கோட்டையில் 1998-இல் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகள், 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. வழிபாட்டுத் தலம் கிடையாது. அந்தத் திட்டத்தின் குறைகளைப் பற்றி நிறையப் பேசலாம். ஆனால் யார் பக்கத்தில் யார் வாழ்வது என்பதை வரைபடத்திலேயே மாற்றி எழுதலாம் என்று ஓர் அரசு துணிந்தது. 900 சதுர அடிக்குச் சொந்தக்காரரான உங்களுக்கு ஏன் அந்தத் துணிவு இல்லை?

ஆகவே கையெழுத்துப் போடுமுன் பேனாவை எடுங்கள். ‘வேலையாள் கழிப்பறை’ என்ற வரியை அடியுங்கள். வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர் வீட்டுக் கழிப்பறைக்குப் போகட்டும். பூஜை அறை வரியை அடித்துவிட்டு அங்கே புத்தக அலமாரி என்று எழுதுங்கள். அம்பேத்கர் பம்பாயில் ராஜகிருகத்தைக் கட்டியது தன் புத்தகங்களுக்காக. பிறகு ஒப்பந்தத்தில் புதிய வரிகளைச் சேருங்கள். வேலை தொடங்கும் நாளிலேயே ஒரு கழிப்பறை தண்ணீரோடு தொழிலாளர்களுக்குத் திறந்திருக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி. கல் வெட்டுவது ஈரத்தில், தூசி தடுக்கும் முகக்கவசத்தோடு, அதன் செலவு என்னுடையது. வாரிய அட்டை இல்லாதவரைப் பதிவு செய்ய நான் உடன் வருவேன். எந்தக் குழியிலும் ஆளை இறக்கக்கூடாது. இறக்கினால் ஒப்பந்தம் ரத்து, போலீசில் புகார்.

அப்பா அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். சண்டை வரும். வரட்டும். சாதி மறுப்புத் திருமணத்துக்காக வீட்டில் சண்டை போட்டவர்கள் நம் இயக்கத்தில் எத்தனையோ பேர். ஒரு கதவுக்காகப் போடக்கூடாதா? வீடு திறக்கும் நாளில் ஹோமப்புகை வேண்டாம். வேலை செய்த அத்தனை பேரையும் குடும்பத்தோடு அழையுங்கள். முதல் பந்தியில் அவர்கள் உட்காரட்டும். சித்தாளம்மாவுக்கு உங்கள் அம்மா சோறு போடட்டும். அதே எவர்சில்வர் தட்டு, அதே டம்ளர்.