பொம்மைத் தாங்கிக்கு எந்தப் பற்றரி?

சென்ற மாதம் எமது தங்கை வீட்டுக்கு நாம் போயிருந்தபோது, முற்றத்து மாமரத்தின் கீழே ஒரு மணல் வாளி இருக்கக் கண்டோம். மணலுக்குள்ளே பாதி புதைந்தபடி, எண்ணெயிற் பொங்கிய அப்பளம் போல் ஊதிக் கிடந்தது ஒரு சிறு பொதி. “இதென்ன தம்பி?” என்று மருமகனைக் கேட்டோம். “தாங்கியின்ரை பற்றரி, மாமா. அம்மாதான் வெளியிலை போடச் சொன்னவ” என்றான். பன்னிரண்டு வயதுப் பையனின் முகத்தில் அன்று குற்ற உணர்ச்சியும் பயமும் சம பங்காக இருந்தன.

கதை இதுதான். இலண்டனில் இருக்கும் அவனுடைய சித்தப்பா, வானொலி அலையால் இயங்கும் பொம்மைத் தாங்கி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். 1942இல் போர்முனைக்கு வந்த ஜேர்மன் ‘ரைகர்’ தாங்கியின் பதினாறில் ஒரு பங்கு உருவம். மூலத்தின் நிறை ஏறத்தாழ 57 தொன். இதுவோ ஒரு கைக்குழந்தையின் பாரந்தான். அதனோடு வந்த நிக்கல் பற்றரி அரைமணி ஓடி ஓய்ந்துவிடவே, பையன் கடையொன்றிற் போய் “இன்னும் கூடியது” கேட்டான். கடைக்காரர் இலிதியம் பொலிமர்ப் பொதி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பழைய செருகி புதியதிலும் பொருந்திற்று. பொருந்திவிட்டால் சரிதானே என்று பழைய மின்னேற்றியிலேயே பையன் அதை மாட்டிவிட்டுப் பாடசாலைக்குப் போய்விட்டான். மணத்தை உணர்ந்து தங்கை ஆளியை நிறுத்தியிராவிடின், இக்கட்டுரை வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

செருகி பொருந்துவதும் பற்றரி பொருந்துவதும் ஒன்றல்ல என்பதை நாம் அன்று சிமெந்து நிலத்திற் சோக்கட்டியால் எழுதிக் காட்டினோம். நிக்கல் உலோக ஐதரைட்டு மின்கலம் ஒன்றின் அழுத்தம் 1.2 வோல்ற். ஆறு கலம் சேர்ந்தால் 7.2. இலிதியம் பொலிமர்க் கலம் ஒன்றுக்கு 3.7, இரண்டு சேர்ந்தால் 7.4. இவ்விரண்டு எண்ணையும் பார்ப்பவர் இரண்டும் அண்ணன் தம்பி என்றே எண்ணுவர். ஆயினும் குணம் வேறு. நிக்கல் கலம் நிறைந்த பின்னும் மெதுவாக மின்னேற்றினால் மேலதிகத்தை வெப்பமாக்கிச் சகித்துக்கொள்ளும். இலிதியக் கலமோ 4.2 வோல்ற்றைத் தாண்டக் கூடாது. 3 வோல்ற்றுக்குக் கீழ் இறங்கவும் கூடாது. தாண்டினால் உள்ளே வாயு பிறந்து ஊதும். மேலும் போனால் தீப்பற்றும். நிக்கலுக்கென்று செய்த மின்னேற்றிக்கு அந்த எல்லை தெரியாது. தாங்கியினுள்ளே இருக்கும் பழைய வகைக் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் கீழெல்லையில் நிறுத்தத் தெரியாது.

“அப்ப கூடின பற்றரி கூடாததோ, மாமா?” என்று பையன் கேட்டான். கேள்வி நியாயமானது. பந்தயக் கார் வைத்திருப்போர்க்கு இலிதியம் பொலிமர் உயிர். கணத்திற் பாய்வதற்கு வேண்டிய பெரும் மின்னோட்டத்தை அது தரும். தாங்கி பாயும் பிராணியன்று. அது ஊர்வது. அதற்குக் கடினமான வேலை ஒன்றே: ஒரு சங்கிலி முன்னும் மறு சங்கிலி பின்னுமாகச் சுழன்று, நின்ற இடத்திலேயே திரும்புவது. அப்போது சோர்ந்த பற்றரியானால் அழுத்தம் சரிந்து, மோட்டர் முனகி, கட்டளையை வாங்கும் கருவி ஒரு கணம் மயங்கிப்போகும். உறையின் மீது 20, 30 என்று அச்சிட்டிருக்கும் மடங்கெண்ணைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. 2 அம்பியர் மணிப் பொதியில் 20 மடங்கென்றால் 40 அம்பியர் தருமென்று பொருள். அதைக் கொண்டு இந்தச் சாதுவான வண்டி என்ன செய்யப் போகிறது?

பார்க்க வேண்டியது கொள்ளளவையே. 2000 மில்லி அம்பியர் மணி என்றிருந்து, வண்டி சராசரியாக 2 அம்பியர் இழுக்குமாயின் ஒரு மணி நேரம் ஓடும். 4000 ஆனால் இரண்டு மணி. உலோகச் சங்கிலி பூட்டிய வண்டியும் புல்லில் ஓடும் வண்டியும் கூட இழுக்கும். வாங்குமுன் பற்றரி அறையின் நீள அகல உயரத்தை அடிமட்டத்தால் அளந்துகொண்டு போதல் நன்று. அளவாமல் வாங்கி, மூடியை நூலாற் கட்டிவைத்திருப்போரை நாம் கண்டிருக்கிறோம். நிக்கலிலும், வைத்திருக்கும்போது தானாக மின்னிழத்தல் குறைந்த வகையே எமது வெப்பத்துக்கு ஏற்றது. பழைய கலத்தையும் புதிய கலத்தையும் ஒரே பொதியிற் கலக்க வேண்டாம். நலிந்தது முதலிற் சாகும், மற்றவற்றையும் கெடுக்கும். இலிதியமே வேண்டுமென்பார்க்கு இரும்புப் பொஸ்பேற்று வகை உண்டு. கலத்துக்கு 3.2 வோல்ற், இரண்டுக்கு 6.4, வேகம் சற்றுக் குறையும், தீப்பற்றும் அச்சமும் மிகக் குறையும். ஆனால் அதற்கும் அதற்குரிய மின்னேற்றியே வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட மனமில்லை. பொம்மைத் தாங்கி செய்வோர் உலகமெங்கும் முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்னும் அளவைக் கைக்கொள்வர். இவ்விசித்திர எண் எங்கிருந்து வந்தது? யப்பானின் சிசுவோக்கா நகரத்துத் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் மோட்டர் பூட்டிய ‘பந்தர்’ தாங்கியை வெளியிட்டபோது, உள்ளே இரண்டு மின்கலம் அடங்க வேண்டுமென்றே உடலின் அளவை வகுத்தார்கள். பின்பு அளந்து பார்த்தபோது அது மூலத்தின் முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்ததாம். பற்றரிக்காகத் தாங்கி பிறந்தது!

தங்கை இவை எதிலும் மனம் வைக்கவில்லை. “பற்றரி போகட்டும் அண்ணா, இந்தச் சத்தமே எனக்கு வேண்டாம்” என்றாள். இயந்திர உறுமலையும் வெடியோசையையும் பொம்மை அச்சொட்டாக எழுப்புகிறது. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்திலிருந்து சனம் எழுந்த இரவில் அவளுக்குப் பதினொரு வயது. அரிக்கன் லாம்பைப் பிடித்தபடி எமது கையைப் பற்றி நடந்தவள் அவள். பையனுக்கு அது தெரியாது. பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த காலமும் தெரியாது. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்ற பின்னர், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைச் சுற்றி, டைனமோவால் வானொலி கேட்டோம். தீர்ந்துபோன ரோச் பற்றரியை வெயிலிற் காயவைத்து மறுபடியும் போட்டுப் பார்ப்போம். ஒரு செய்தியறிக்கைக்குத் தாங்கும். சில வேளை தலைப்புச் செய்திக்கு மட்டும். இதைச் சொன்னபோது பையன் மணல் வாளியை ஒரு தடவை பார்த்தான். பின்பு திருகாணி கழற்றியை எடுத்துவந்து, ஒலிபெருக்கியின் கம்பியைத் தானே கழற்றிவிட்டான்.

பழைய நிக்கல் பொதியே மீண்டும் பூட்டப்பட்டது. கூட வந்த மின்னேற்றி 250 மில்லி அம்பியர் கொடுப்பது, தானாக நிற்காதது. 2000ஐ 250ஆற் பிரித்தால் 8 மணி. வீணாவதற்கும் சேர்த்துப் பதினொரு மணி. இந்தக் கணக்கைத் தங்கை இரண்டு தடவை கேட்டாள். மறுமுறை போனபோது, குசினிச் சுவரிலிருந்த நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளின் கீழே “தாங்கி – காலை 6, மாலை 5” என்று அவளுடைய கையெழுத்து இருந்தது.