எழுபது சுற்றும் முப்பது கேஜும்

"முப்பது ரூபாய்க்குக் கடையில கிடைக்கிற மோட்டாரை மூணு நாளா உட்கார்ந்து கையால சுத்திக்கிட்டு இருக்கியே, உனக்கு வேற வேலையே இல்லையாடா?"

போன வாரம் என் அறைத்தோழன் கேட்டது. அப்போது நான் 41-வது சுற்றில் இருந்தேன். அவனுக்குப் பதில் சொன்னதில் எண்ணிக்கை விட்டுப்போய், எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்லாட் கார் தெரியாதவர்களுக்குச் சின்ன முன்கதை. தடத்தின் நடுவே ஒரு பள்ளம். அதன் இரு பக்கமும் மின்சாரம் ஓடும் உலோகப் பட்டைகள். பொம்மைக் காரின் அடியில் இருக்கும் முளை பள்ளத்தில் உட்கார்ந்து வண்டிக்கு வழிகாட்டும். நம் கையில் இருப்பது வேகம் மட்டும்தான். இங்கிலாந்தில் ஃப்ரெட் பிரான்சிஸ் என்பவர் 1957-ல் கொண்டுவந்த ஸ்கேலெக்ஸ்ட்ரிக் இதில் பிரபலம். அமெரிக்காவில் அறுபதுகளின் நடுவில் இது பெரிய மோகமாகி, இதற்கென்றே கூடங்கள் திறந்தார்கள். 24-ல் ஒரு பங்கு அளவு கார்கள். அவற்றில் பலவற்றுக்குள் ஜப்பானின் மபூச்சி மோட்டார். பையன்கள் அதைப் பிரித்து, தொழிற்சாலை சுற்றிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, தாங்களே வேறு கம்பி சுற்றினார்கள். அறுபதுகள் முடிவதற்குள் மோகம் வடிந்து பெரும்பாலான கூடங்கள் மூடப்பட்டன. பந்தயம் மட்டும் சாகவில்லை. மபூச்சியின் எஃப்.டி-16டி என்ற மோட்டாரின் பெயரை ஒட்டி சூப்பர் 16டி என்றொரு வகை இருக்கிறது. அதன் ஆர்மேச்சருக்கு விதி: 30 கேஜ் கம்பி, 70 சுற்று.

இந்த ஒரு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு போட்டியின் தகுதியைக் கம்பியின் கனத்தாலும் சுற்றின் எண்ணிக்கையாலும் எழுதிவைத்திருக்கிறார்களே! டி.சி. மெஷின்ஸ் பாடத்தில் ஒரு செமஸ்டர் முழுக்க ஆர்மேச்சர் படம் போட்டிருக்கிறேன் (நன்றாகவே போடுவேன்). ஒன்றைக்கூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

ஸ்லாட் காருக்கு நான் எங்கே போக? பழைய பேட்டரி காரிலிருந்து மோட்டாரைக் கழற்றினேன். 130 என்று சொல்வார்களே, அந்தச் சப்பை மோட்டார். இந்த அளவில் மபூச்சியின் மாடல் ஒன்றின் பெயர் 2270 என்று முடியும். 0.22 மில்லிமீட்டர் கம்பி, 70 சுற்று என்று அர்த்தம். என்னுடையதும் பிரித்து எண்ணியபோது அதேதான். இதை 30 கேஜில் 50 சுற்றாக மாற்றுவது என்று முடிவு.

சுற்றைக் குறைத்தால் ஏன் வேகம் கூடுகிறது? சுழலும் ஆர்மேச்சர் தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். சுற்று குறைந்தால் அதுவும் குறையும். பேட்டரியின் மின்னழுத்தத்தை எட்ட மோட்டார் இன்னும் வேகமாக ஓடியாக வேண்டும். 70-லிருந்து 50 என்றால் சுமையில்லாத வேகம் 1.4 மடங்கு. கம்பியும் தடிப்பதால் மின்தடை ஏறக்குறைய பாதியாகிவிடும். காகிதத்தில் எல்லாம் ஜோர்.

கல்லூரிக்குப் பக்கத்தில் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை இருக்கிறது. "அண்ணே, முப்பது கேஜ் கம்பி வேணும்" என்றேன். கொடுத்தார். அறையில் வந்து சுற்றினால் 34-வது சுற்றிலேயே பள்ளம் நிரம்பிவிட்டது! இரண்டு நாள் என் விரல்களைத் திட்டிவிட்டு, லேபில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தேன். 0.315. அமெரிக்கக் கணக்கில் 30 கேஜ் என்பது 0.255 மில்லிமீட்டர். நம் கடைகளில் புழங்குவது பிரிட்டிஷ் கணக்கு, அதில் 30 என்றால் 0.315. குறுக்குப் பரப்பில் ஒன்றரை மடங்கு. எனக்கு வேண்டியது இங்கே 33 கேஜ். திரும்பப் போனபோது அண்ணன் சிரித்துவிட்டு, "தம்பி, நம்பரைச் சொல்லாதே, மில்லியைச் சொல்லு" என்றார். நான்கு வருடப் படிப்பில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

சுற்றுவது பார்க்க எளிது. மூன்று முனைகள், மூன்று கம்யூட்டேட்டர் துண்டுகள். முதல் துண்டில் கம்பியை மாட்டி, முதல் முனையில் 50 சுற்று. வெட்டாமல் அடுத்த துண்டில் மாட்டி, அதே திசையில் அடுத்த முனை. கடைசி நுனி முதல் துண்டுக்கே வந்து சேர வேண்டும். இழுத்துச் சுற்றினால் தகட்டின் விளிம்பில் எனாமல் உரியும். தளர்ந்தால் வேகத்தில் கம்பி வெளியே பிதுங்கிக் காந்தத்தில் உரசும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இழுவையை எந்தப் புத்தகத்திலும் எழுத முடியாது என்று நினைக்கிறேன்.

என் முதல் ஆர்மேச்சர் தண்டோடு ஷார்ட். எனாமல் உரிந்ததுதான். இரண்டாவது ஓடியது, ஆனால் கையில் பிடித்தால் நடுங்கியது. மல்ட்டிமீட்டர் அரை ஓமெல்லாம் உருப்படியாகக் காட்டாது. அப்போதுதான் முதல் வருட லேபில் தூங்கிக்கொண்டே செய்த வோல்ட்மீட்டர்-அம்மீட்டர் சோதனை நினைவுக்கு வந்தது. ஒரு ஆம்பியர் செலுத்தி, துண்டுகளை இரண்டிரண்டாக அளந்தேன். ஒரு சுருளும், அதற்கு இணையாக மற்ற இரண்டும் வருவதால், ஒரு சுருளின் தடையில் மூன்றில் இரண்டு பங்கு தெரிய வேண்டும். இரண்டு இடங்களில் 331 மில்லிவோல்ட், ஓரிடத்தில் 324. பிரித்து எண்ணினேன். அந்த முனையில் 48 சுற்றுதான்! அன்று இரவு யாரோ கதவைத் தட்டியது ஞாபகம் வந்தது :-)

ஏழு மில்லிவோல்ட்டில் இரண்டு சுற்று. அந்தச் சோதனைக்கு லேபில் எனக்கு முழு மதிப்பெண் போட்டார்கள். அது எதற்கு என்று புரிந்தது இப்போதுதான்.

அறைத்தோழன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. இயந்திரம் சில நொடிகளில் சுற்றிவிடும், என்னுடையதைவிட நன்றாகவும் சுற்றும். என் மூன்றாவது மோட்டார் வேகமாக ஓடுகிறது, ஆனால் சீக்கிரம் சூடாகிறது, பென்சில் செல்லைக் குடித்துத் தீர்க்கிறது. விற்பனைக்கு லாயக்கில்லை. ஆனால் 2270 என்ற எண்ணை எந்த இயந்திரமும் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லையே. 70-ஆ 50-ஆ என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அந்த நாற்காலிக்குத்தானே நம்மைத் தயார் செய்வதாகச் சொல்கிறார்கள்? லேபில் இருக்கும் பெரிய மோட்டாரைத் தரையோடு போல்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். நாம் தொடுவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையங்களை மட்டும். ஆளுக்கு ஒரு பொம்மை மோட்டாரும் பத்து மீட்டர் கம்பியும் கொடுத்துவிட்டு, பிறகு பரீட்சை வைக்கட்டும்.

ஸ்லாட் கார்காரர்களோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. எல்லோருக்கும் ஒரே சுற்று, ஒரே கம்பி என்ற விதி பந்தயத்துக்கு நல்லதுதான், காசுள்ளவன் மட்டும் ஜெயிக்காமல் இருக்க. ஆனால் அதைத் தயாராக வாங்கிப் போட்டால் போதும் என்றாகிவிட்டபோது, சுற்றத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. அவரவர் சுற்றியதை அவரவர் ஓட்டும் பிரிவு ஒன்றையாவது வைக்கலாம். முதல் சுற்றிலேயே புகைந்தாலும் பரவாயில்லை.

தவறாக வாங்கிய 0.315 கம்பி முக்கால்வாசி அப்படியே கிடக்கிறது. வேண்டுபவர்கள் அறைக்கு வரலாம். கதவை மட்டும் தட்டாதீர்கள், நான்காவதில் 27-வது சுற்றில் இருக்கிறேன்.