அட்வான்ஸ் பேசலாம் வாங்க!

ஃபைனல் செமஸ்டரா? மெப்ஸ்லயோ ஓ.எம்.ஆர்.லயோ வேலையும் கிடைச்சாச்சா? கங்கிராட்ஸ்! ஆனா ஒண்ணு பாஸ்... உங்க முதல் பெரிய பேரம் ஹெச்.ஆர்.கிட்ட இல்லை, ஹவுஸ் ஓனர்கிட்டதான்!

சீன் இதுதான். நண்பர்கள் நாலு பேர் சேலையூர்ல ஒரு மாடி போர்ஷன் பார்க்கறீங்க. வாடகை 12,000 ரூபாய். 'அட்வான்ஸ் பத்து மாசம்' என்கிறார் ஓனர் ஆன்ட்டி. அதாவது 1,20,000. ஆளுக்கு 30,000! முதல் சம்பளமே இன்னும் வரலை. ஊருக்கு போன் போட்டா, வளையலை அடகு வைக்க அம்மா கிளம்பிடுவாங்க.

இப்ப நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க? 'கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க ஆன்ட்டி'ன்னு கெஞ்சுவாங்க. இல்லைன்னா, 'சட்டப்படி மூணு மாசம்தான்!'னு எகிறுவாங்க. ரெண்டுமே வேலைக்கு ஆகாது.

சட்டம் இருக்கறது நிஜம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், மூணு மாச வாடகைக்கு மேல முன்பணம் கேட்கக் கூடாதுன்னுதான் சொல்லுது. ஆனா, ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்பந்தம் பண்ணிக்க அதே சட்டம் இடமும் கொடுக்குது. ஆக, கையெழுத்துக்கு முன்னாடி நீங்க பேசற பத்து நிமிஷம்தான் எல்லாமே!

ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981-ல் எழுதின 'கெட்டிங் டு யெஸ்' இன்னைக்கும் எம்.பி.ஏ. பசங்க படிக்கற புத்தகம். அதோட சாரம் சிம்பிள். எதிராளி கேட்கற தொகையோட மல்லுக்கட்டாம, அதை ஏன் கேட்கறார்னு பாருங்க.

அதனால, 'ஆன்ட்டி, முன்னாடி இருந்தவங்களால ஏதாவது கஷ்டமா?'ன்னு கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கங்க. அதுதான் முக்கியம்! 'ரெண்டு மாச வாடகை பாக்கி... சுவரெல்லாம் ஆணி... கரன்ட் பில் கட்டலை... சொல்லாமக் காலி பண்ணிட்டாங்க'ன்னு கொட்டுவாங்க. அவங்களுக்கு வேண்டியது உங்க 1,20,000 இல்லை. நிம்மதி!

அதைக் கொடுங்க. மாசம் 1-ம் தேதி ஒரே ஆள் கணக்கிலிருந்து மொத்த வாடகை. குடி வர்ற அன்னைக்கே சுவர், குழாய் எல்லாத்துக்கும் போட்டோ, ரெண்டு பேர்கிட்டயும் ஒரு காப்பி. கரன்ட் பில் கட்டினதும் ரசீது. காலி பண்ண ரெண்டு மாச நோட்டீஸ். எல்லாம் அக்ரிமென்ட்ல எழுத்தா இருக்கட்டும். அப்புறமா, 'மூணு மாச அட்வான்ஸ் தர்றோம் ஆன்ட்டி'ன்னு ஆரம்பிங்க. நாலுல, அஞ்சுல முடிஞ்சாலும் ஜெயிச்சது நீங்கதான்.

இன்னொண்ணு. போறதுக்கு முன்னாடியே பெருங்களத்தூர்லயோ செம்பாக்கத்துலயோ இன்னொரு வீடு பார்த்து வெச்சுக்கங்க. 'இது இல்லைன்னா அது'ன்னு ஒண்ணு கையில இருந்தா குரல் நடுங்காது. இல்லாத வீட்டை இருக்குன்னு மட்டும் அளக்காதீங்க. நாளைக்கு அதே மாடியில குடியிருக்கப் போறது நீங்க!

ஆன்ட்டி கடைசிவரை இறங்கி வரலையா? 'தேங்க்ஸ் ஆன்ட்டி'ன்னு சிரிச்சுட்டு எழுந்திருங்க. அதுக்கும் தைரியம் வேணும்.

இந்த வார ஹோம்வொர்க்: யாராவது 'முடியாது'ன்னா பதிலுக்கு வாதாடாதீங்க. 'ஏன்?'னு அன்பா ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நாளைக்கு க்ளையன்ட் முன்னாடி உட்காரும்போது இதுதான் கைகொடுக்கும்!