கேஎல்-ஐ விட்டு எஸ்பி-க்கா? குடும்பத்தோடு கெடா திரும்புவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

"சுங்கைப் பட்டாணியில வீட்டு வாடகை கம்மி. கூலிம்ல பெரிய கம்பெனி எல்லாம் வந்தாச்சு. அப்புறம் எதுக்கு கேஎல் ஜேம்ல கிடந்து அவதிப்படணும்?"

கெடாவில் பிறந்து, வேலைக்காகக் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் போன தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி எழும். குறிப்பாக, கல்யாணம் ஆகி, முதல் குழந்தை பள்ளிக்குப் போகும் வயசு நெருங்கும்போது.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் வாடகையை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

கெடா பக்கம் இப்போ என்ன இருக்கு?

முதல் காரணம் கூலிம். 1996-இல் அதிகாரபூர்வமாகத் தொடங்கிய கூலிம் ஹை-டெக் பார்க், நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பத் தொழிற்பேட்டை. இன்ஃபினியோன் நிறுவனம் 2006-இல் அங்கே தன் முதல் ஆலையைத் திறந்தது. 2024 ஆகஸ்டில், சிலிக்கன் கார்பைடு மின்சில்லுகளுக்கான புதிய ஆலையின் முதல் கட்டத்தையும் திறந்தது. அதற்கு 200 கோடி யூரோ முதலீடு, 900 வேலைகள் என்று அறிவித்தது. அடுத்த கட்டமும் முடிந்தால் மொத்தம் 4,000 வேலைகள் வரை உருவாகலாம் என்பது அதன் கணிப்பு. ஆஸ்திரியாவின் ஏடி&எஸ் நிறுவனமும் 2024-இல் அங்கே ஆலை திறந்தது.

இரண்டாவது காரணம் ரயில். இரட்டைத் தண்டவாளமும் மின்மயமும் வந்த பிறகு, 2015-இல் இடிஎஸ் ரயில் கேஎல்-இலிருந்து பாடாங் பெசார் வரை ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு பட்டர்வொர்த் - பாடாங் பெசார் கொமுட்டர் சேவையும் வந்தது. இரண்டுமே சுங்கைப் பட்டாணியில் நிற்கும். ஆனால் கூலிம் பட்டணத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. அங்கே கார் இல்லாமல் குடும்பம் நடத்துவது கஷ்டம்.

நம்ம தாத்தா பாட்டியும் இடம் மாறினவங்கதானே?

ஆமாம். ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்கள் விரும்பி மாறவில்லை.

1950-களிலும் 60-களிலும் பெரிய ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, வேலை போனது. வேலையோடு தோட்ட வீடும் போனது. அதைத் தடுக்கத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் அந்தச் சங்கம் வாங்கிய முதல் தோட்டம், கெடாவில் இருந்த புக்கிட் சீடிம்.

எல்லாத் தோட்டங்களையும் அப்படி வாங்கிவிட முடியவில்லை. 1970-களில் பினாங்கில் தொழிற்பேட்டைகள் வந்தன. ஃபேக்டரி பஸ் தோட்டத்து வாசலுக்கே வந்து பெண் பிள்ளைகளை ஏற்றிச் சென்றது. பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது, சில தோட்டங்கள் தாமான்களாக மாறின. 1970-இல் மலேசியர்களில் 28.4 விழுக்காட்டினர்தான் நகரவாசிகள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 75.1 விழுக்காடு.

அந்தத் தலைமுறை போனது, வேறு வழியில்லாமல். இன்று திரும்ப நினைப்பவர்களுக்கு யோசித்து முடிவெடுக்க அவகாசம் இருக்கிறது.

சம்பளம் எவ்வளவு குறையும்?

குறைந்தபட்ச சம்பளத்தில் வித்தியாசம் இல்லை. 2020-இல் நகராட்சிப் பகுதிகளுக்கு 1,200 வெள்ளி, மற்ற இடங்களுக்கு 1,100 வெள்ளி என்று இரண்டு விதமாக இருந்தது. இப்போது நாடு முழுக்க ஒரே 1,700 வெள்ளிதான்.

அதற்கு மேலே போகும்போதுதான் இடைவெளி தெரியும். புள்ளிவிவரத் துறையின் 2022 கணக்குப்படி, குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் கெடாவில் 4,402 வெள்ளி. தேசிய அளவில் 6,338. சிலாங்கூரில் 9,983. கோலாலம்பூரில் 10,234.

இதைப் பார்த்து "கெடா போனால் சம்பளம் பாதியாகிவிடும்" என்று பயப்பட வேண்டாம். இது ஒரு வேலையின் சம்பளம் இல்லை, ஒரு குடும்பத்தின் மொத்த வருமானம். கேஎல்-இல் ஒரே வீட்டில் இரண்டு பேர் நல்ல சம்பளத்தில் வேலை பார்ப்பது சுலபம். கெடாவில் ஒருவருக்கு நல்ல வேலை கிடைக்கும், இன்னொருவருக்கு? பெரும்பாலான குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

அந்த இரண்டாவது சம்பளம்

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். கேஎல்-இல் கணவருக்கு 4,500 வெள்ளி, மனைவிக்கு 3,500. மொத்தம் 8,000. வாடகை 1,500, குழந்தைப் பராமரிப்பு 800 போனால், கையில் 5,700.

இப்போ எஸ்பி. கணவருக்குக் கூலிமில் 4,000 வெள்ளி வேலை. வீட்டு வாடகை 800. குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார். ஆனால் மனைவிக்கு வேலை இல்லை. கையில் 3,200. மாதம் 2,500 வெள்ளி துண்டு விழுகிறது.

மனைவிக்கு அங்கேயே குறைந்தபட்ச சம்பளத்தில் வேலை கிடைத்தாலும் 4,900தான். கேஎல்-ஐ விட 800 வெள்ளி குறைவு.

அதே மனைவி, கேஎல் வேலையை வீட்டிலிருந்தே தொடர முடிந்தால்? கையில் 6,700. கேஎல்-ஐ விட 1,000 வெள்ளி அதிகம்.

வீடு அதே, ஊர் அதே, வாடகையும் அதே. முடிவு மாறுவது மனைவியின் வேலையால். அதனால் "அவருக்கு வேலை கிடைச்சாச்சு, நீ அங்க போய் பார்த்துக்கலாம்" என்று சொல்லி வண்டி ஏறினால், குடும்பத்தின் சேமிப்பு மட்டும் இல்லை, அந்தப் பெண் பத்து வருஷமாகக் கட்டிய தொழிலும் போகும்.

இதற்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரம், நாள் அல்லது இடத்தை மாற்றிக் கேட்டு ஊழியர் எழுத்துபூர்வமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்டது கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் ராஜினாமா கடிதத்துக்கு முன்னால் இந்தக் கடிதம் போக வேண்டும்.

வெள்ளியா, ஞாயிறா?

வெளியூர்க்காரர்கள் மறந்துவிடும் ஒரு விஷயம் இது. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அரசாங்க அலுவலகமும் பள்ளியும் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும்.

அப்பா பினாங்கில் வேலை பார்த்தால் அவருக்கு லீவு சனி, ஞாயிறு. பிள்ளைக்கு வெள்ளி, சனி. வாரத்தில் குடும்பம் முழுசாக ஒன்றாக இருப்பது ஒரே நாள். ஃபேக்டரியில் 12 மணி நேர ஷிஃப்ட் என்றால் அந்த ஒரு நாளும் சந்தேகம்தான். தனியார் நிறுவனங்கள் ஓய்வு நாளைத் தாங்களே முடிவு செய்யலாம். ஆகவே இன்டர்வியூவிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

பண்டிகை விடுமுறையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். 2021-இல் கோவிட் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி கெடா மாநில அரசு தைப்பூச விடுமுறையை ரத்து செய்தபோது எழுந்த சர்ச்சை பலருக்கு நினைவிருக்கும்.

பிள்ளைகளின் படிப்பு?

கெடாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, தோட்டத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியவை. தோட்டத்தில் குடும்பங்கள் குறைந்தபோது மாணவர் எண்ணிக்கையும் விழுந்தது. 150 மாணவர்களுக்குக் கீழே போனால் அது 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்தப்படும்.

சின்னப் பள்ளியில் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லித் தெரியும். அதே சமயம், மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு வகுப்புகளை இணைத்து நடத்துவதும் உண்டு. திரும்பி வரும் குடும்பங்கள் தாமானில்தான் வீடு பார்க்கின்றன. அதனால் பட்டணத்துப் பள்ளியில் கூட்டம், தோட்டத்துப் பள்ளியில் காலி நாற்காலி. பள்ளி வேன் கட்டணத்தைக் கணக்கில் சேர்த்து, இரண்டு வகைப் பள்ளியையும் நேரில் போய்ப் பாருங்கள். பத்து நிமிடக் கார் தூரத்தில் உங்கள் பிள்ளைக்காக ஒரு நல்ல வகுப்பறை காத்திருக்கலாம்.

மேற்படிப்புக்கு செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம், சிந்தோக்கில் வட மலேசியப் பல்கலைக்கழகம், கூலிமில் பாலிடெக்னிக் என்று வாய்ப்புகள் உண்டு.

தண்ணீர், மருத்துவம்

கெடாவில் தண்ணீர்த் தடை பழைய புகார். சுத்திகரித்த நீரில் ஏறக்குறைய பாதி, பழைய குழாய்க் கசிவு போன்ற காரணங்களால் கணக்கில் வராமலே போகிறது. வீடு பார்க்கும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "போன மாசம் எத்தனை நாள் தண்ணி வரல?" பதில் சிரிப்பாக வந்தால், கூடுதல் தண்ணீர்த் தொட்டிக்கும் பணம் ஒதுக்குங்கள்.

எஸ்பி-யில் சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனை, கூலிமில் அரசு மருத்துவமனை இருக்கின்றன. ஆனால் சில சிறப்புச் சிகிச்சைகளுக்கு அலோர் ஸ்டாருக்கோ பினாங்குக்கோ போக வேண்டிவரும். வயதான பெற்றோர் கூட இருந்தால் இந்தத் தூரமும் கணக்கில் வரும்.

அப்போ போகலாமா, வேண்டாமா?

மூன்று விஷயங்கள் சேர்ந்தால் கணக்கு உங்கள் பக்கம்: இரண்டு பேருக்கும் வருமானம், ஒரே ஓய்வு நாள், உதவிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர்கள். இதில் ஒன்று குறைந்தால் சமாளிக்கலாம். இரண்டு குறைந்தால், வீட்டு வாடகையில் மிச்சப்படும் பணம் அதை ஈடுகட்டாது.

சந்தேகம் இருந்தால், கேஎல் வீட்டைக் காலி செய்யும் முன் பள்ளி விடுமுறை இல்லாத ஒரு சாதாரண வாரத்தை எஸ்பி-யிலோ கூலிமிலோ கழித்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கும் ஃபேக்டரிக்கும் கார் ஓட்டுங்கள். தீபாவளிக்கு வரும்போது ஊர் எப்பவுமே அழகாத்தான் இருக்கும்.

வீடு வாங்குவதை முதல் வருஷம் தள்ளிப் போடுங்கள், வாடகைக்கு இருங்கள். ஒத்துவரவில்லை என்றால் திரும்பிப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.