ஊசுட்டேரிக்குப் போகலாம், சத்தமில்லாமல்!

ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் வெளியே கூட்டிப் போகச் சொல்லி அடம் பிடிக்கிறார்கள். முதலியார்பேட்டைக் குடும்பம் எங்கே போகும்? கடற்கரையில் வெளியூர்க் கூட்டம் நெரிகிறது. நாலு பேர் சினிமாவுக்குப் போனால் பணம் கரைந்துவிடும்.

இன்னோர் இடம் இருக்கிறது. அதுதான் ஊசுட்டேரி!

புதுச்சேரிக்கு மேற்கே சுமார் 10 கிலோ மீட்டர் தூரம். கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். ஏரியின் பரப்பு சுமார் 2,000 ஏக்கர். சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இதற்கு வருகிறது.

மார்கழி, தை மாதங்களில் போக வேண்டும். அப்போதுதான் பறவைகள் நிறைய இருக்கும். கூழைக்கடா அலகுக்குக் கீழே பை வைத்திருக்கும். மீனை அதில்தான் வாரும். கறுப்பு உடம்பும் நெற்றியில் வெள்ளைப் பட்டையுமாக நீந்துவது நாமக்கோழி. பெயர் வைத்தவர் குறும்புக்காரர்தான்! பறப்பதற்கு முன்னால் அது தண்ணீர் மேலேயே ஓடும். அதைப் பார்த்தால் பிள்ளைகள் கை தட்டுவார்கள். மெதுவாகத் தட்டட்டும்.

சங்கு ஊதிய பேட்டை

முதலியார்பேட்டைக்கு ஓய்வு நாளின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. உரிமை கேட்டுப் போராடிய புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் மீது 1936 ஜூலை 30-ந் தேதி பிரெஞ்சு ஆட்சி துப்பாக்கிச் சூடு நடத்தியது. 12 பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அதே 1936-ல் பிரான்சில் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை கிடைத்தது. சைக்கிள் ஏறி அவர்கள் கிராமப்புறங்களுக்கு உல்லாசமாகப் போனார்கள். இங்கேயோ, வேலை நேரம் குறையவே உயிர் கொடுக்க வேண்டியிருந்தது!

அந்தச் சங்கு இப்போது ஊதுவதில்லை. முதலியார்பேட்டை ரோடியர் மில்லை 2020-ல் மூடிவிட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஏரியும் இருக்கிறது.

வழிச் செலவு

ஏரிக்கரைக்குப் போயும் சிலர் பாட்டுப் பெட்டியை அலற விடுகிறார்கள். பறவையைப் பறக்க வைத்துப் படம் பிடிக்கக் கல் எறிகிறார்கள். இது விளையாட்டல்ல. ஊசிவால் வாத்து போன்றவை வட ஆசியாவிலிருந்து பல ஆயிரம் கிலோ மீட்டர் பறந்து வருகின்றன. பங்குனி வாக்கில் திரும்பிப் போக வேண்டும். அதற்குள் நன்றாகத் தின்று கொழுக்க வேண்டும். அந்தக் கொழுப்புதான் அவற்றின் வழிச் செலவுப் பணம். மிரண்டு எழும்பும் ஒவ்வொரு தடவையும் அதில் கொஞ்சம் வீணாகிறது. அடிக்கடி மிரட்டினால், அடுத்த ஆண்டு அவை வேறு ஏரியைத் தேடிப் போகும்.

மக்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஏரி ஒன்று, அரசு இரண்டு! ஏறக்குறையப் பாதி புதுச்சேரியில் இருக்கிறது. மற்றது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. புதுச்சேரி தன் பகுதியை 2008-ல் சரணாலயம் ஆக்கியது. தமிழ்நாடு 2015-ல்தான் அறிவித்தது. கூழைக்கடாவுக்கு எல்லைக்கல் தெரியுமா? இரண்டு அரசுகளின் வனத்துறைகளும் கூடிப் பேசி, ஏரி முழுவதற்கும் ஒரே சட்டதிட்டம், ஒரே காவல் என்று ஏற்பாடு செய்ய வேண்டும். கார்த்திகை முதல் பங்குனி வரை மோட்டார் படகும் ஒலிபெருக்கியும் ஏரிப்பக்கமே வரக்கூடாது என்பதை முதல் விதியாக வைக்கட்டும்.