பரிசில் பெற்றவர் வழி சொல்ல வேண்டும்

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் ஒன்று முருகனிடம் வழிப்படுத்துவது. ஏனைய நான்கிலும், பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் எதிரே வறுமையோடு வரும் தன்னொத்தவனைக் கண்டு, இன்ன வழியே போ, இன்ன நிலங்களைக் கடப்பாய், அங்கே உன்னை இவ்வாறு வரவேற்பர் என்று விளக்குகிறான். வகுப்பறையில் இதை நாங்கள் ஒரு நெடுவினாவாகச் சுருக்கிவிடுகிறோம். இன்றைய ஆய்வு நல்கை விண்ணப்பங்களைக் காணும்போதுதான் அம்மரபின் அருமை விளங்குகிறது.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ள மத்திய அரசு 2005-06இல் ராஜீவ் காந்தி தேசிய ஆய்வு உதவித்தொகையைத் தொடங்கியது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 1333 பட்டியல் சாதியினர், 667 பழங்குடியினர். பெயர் மாறி இன்றும் தொடரும் அத்திட்டத்திற்கு மதிப்பெண்ணே அளவுகோல். மதிப்பெண்ணுக்குப் பயிற்சி உண்டு, வழிகாட்டி நூல்கள் உண்டு. சிக்கல் அடுத்த படியில். பணியிலிருக்கும் பட்டியல் சாதி, பழங்குடி அறிவியலாளர்க்கெனத் தனியே ஒரு மூன்றாண்டு நல்கையை, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. (நிரந்தரப் பணி வேண்டும் என்பது விதி. கௌரவ விரிவுரையாளராகவே இளமையைக் கழிப்பவர்க்கு இவ்வாயிலும் இல்லை. அது தனியே பேச வேண்டியது.) இங்கே கேட்கப்படுவது மதிப்பெண்ணன்று, ஓர் எழுத்து.

அந்த எழுத்தும் ஓர் இலக்கிய வகைதான். ஆய்வுப்பொருளின் இன்றைய நிலை, புதுமை, நோக்கங்கள், ஆய்வுமுறை, ஆண்டுவாரியான செலவுக் கணக்கு என்று அதற்கு உறுப்புகள் உண்டு, இலக்கணமும் உண்டு. எந்தப் பாடத்திட்டமும் அதைக் கற்பிப்பதில்லை. பெரிய நிறுவனங்களில் பயின்றவர், நெறியாளர் மேசையில் கிடக்கும் பழைய விண்ணப்பங்களைப் பார்த்தே அதைக் கற்றுவிடுகிறார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்டு, சிற்றூர்க் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் ஒருவர்க்கு அந்த மேசை ஏது? அவர் தம் பொருளின் பெருமையையே இரண்டு பக்கம் எழுதுகிறார். புற்றுநோய் கொடியது என்று தொடங்குகிறார். மதிப்பிடுவோர் அதை அறிவர். எது இன்னும் அறியப்படவில்லை, அதை எவ்வாறு சோதிப்பீர், முதல் வழி பொய்த்தால் மாற்று வழி யாது என்பனவே அவர்கள் தேடுபவை. ஆய்வறிவு இருந்தும், அதைச் சொல்லும் முறை தெரியாமல் தோற்பவர் பலர் என்பது என் துணிபு.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் நல்கைகளை ஆராய்ந்த டோனா கிந்தர் குழுவினரின் கட்டுரை 2011இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. கல்வி, பயிற்சி, வெளியீடுகள் முதலியவற்றைச் சமன்செய்து கணக்கிட்டும், வெள்ளையரைவிடக் கறுப்பின ஆய்வாளர்க்கு நல்கை கிடைக்கும் வாய்ப்பு 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தேயிருந்தது. மறுக்கப்பட்ட விண்ணப்பத்தைத் திருத்தி மீண்டும் அனுப்புவோரும் அவர்களிடையே குறைவு. மதிப்பிடுவோரின் மனச்சாய்வுக்கு இதில் பங்கில்லை என்று சொல்லமாட்டேன். ஆயினும், முதல் மறுப்பு முடிவன்று என்று அருகிருந்து சொல்ல ஒருவர் இருந்தால் அந்த இரண்டாவது எண்ணிக்கையேனும் மாறியிருக்கும்.

நிற்க. இத்தகைய நல்கையைச் 'சலுகை' என்று முகஞ்சுளிப்போர் நம் ஆசிரியர் அறைகளிலேயே உளர். அதிகமான் தம்மை நேரில் காணாமலே அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தி புறநானூற்றில் இருக்கிறது. கண்டு, தகுதி அறிந்து தருவது சிறிதாயினும் அதுவே அவர்க்கு உவப்பு. இந்நல்கையிலும் விண்ணப்பம் வல்லுநரால் மதிப்பிடப்பட்ட பின்னரே பணம் வருகிறது. இதில் ஈகை எங்கே?

பெற்றவர்களிடம் எனக்கொரு மனக்குறை உண்டு. பலர் தம் விண்ணப்பத்தைப் பிறர் கண்ணில் படாமல் பூட்டிவைக்கின்றனர். ஆய்வுக்கருத்து களவு போகும் என்ற அச்சம். ஆய்வு முடிந்து கட்டுரையும் வெளிவந்தபின் களவுபோக என்ன இருக்கிறது? வென்ற விண்ணப்பங்கள் நான்கும், தோற்றவை இரண்டும், அவற்றின் மேல் மதிப்பீட்டாளர் எழுதிய குறிப்புகளும் அடங்கிய ஒரு கோப்பு ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும் இருக்கட்டும். அதற்குத் தனி நிதி வேண்டா. படியெடுக்கும் செலவு போதும்.